மான்செஸ்டரில் இருப்பவர் சிம்பொனி கேட்க லண்டன் போக வேண்டுமா?

கேள்வி கேட்ட தம்பி கோவைக்காரர். செப்டம்பரில் மான்செஸ்டருக்கு எம்.எஸ்சி. படிக்க வருகிறார். கர்நாடக இசை ஓரளவு கேட்பாராம். சினிமாப் பாட்டுகளில் வரும் வயலின் கூட்டம் ரொம்பப் பிடிக்குமாம். 2025 மார்ச்சில் இளையராஜா லண்டனில் சிம்பொனி அரங்கேற்றியதிலிருந்து, ஒரு முழு ஆர்கெஸ்ட்ராவை நேரில் கேட்க வேண்டும் என்ற ஆசை பிடித்துக்கொண்டிருக்கிறது. "நல்ல கச்சேரி கேட்க லண்டனுக்குத்தான் போகணுமா, மான்செஸ்டரில் ஏதாவது நடக்குமா? நடந்தால் எதற்குப் போவது, எங்கே உட்காருவது, என்ன உடுத்துவது, எப்போது கைதட்டுவது?" என்பது கேள்வி.

லண்டனுக்குப் போக வேண்டாம். முதல் வருடமாவது வேண்டாம். ரயில் டிக்கெட்டுக்குக் கொடுக்கிற காசில் ஒரு மாணவர் இங்கேயே சில கச்சேரிகள் கேட்டுவிடலாம் என்பது சின்னக் காரணம். பெரிய காரணம் வேறு. லண்டனில் இன்றைக்கு ஒரு ஆர்கெஸ்ட்ரா, நாளைக்கு வெளிநாட்டிலிருந்து வந்த இன்னொன்று என்று மாறிக்கொண்டே இருக்கும். இந்த மாதிரி ஊரில் அதே எண்பது பேரை அதே அரங்கில் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். மூன்றாவது மாதம் வந்தால், ஓபோ என்ற ஊதுகுழல் வாசிக்கும் இரண்டாவது ஆள் முடி வெட்டிக்கொண்டு வந்திருப்பதுகூட உங்களுக்குத் தெரிந்துவிடும். சிம்பொனி பழகாத காதுக்கு இந்த முகப்பழக்கம் எவ்வளவு உதவும் என்பதை 17 வருடமாக இங்கே உட்கார்ந்து கேட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்.

நானும் பீளமேட்டில் மில் சங்கு கேட்டு வளர்ந்தவன்தான். கோவை என்பது தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று பள்ளிக்கூடத்தில் எழுதி மார்க் வாங்கிவிட்டு, அசல் மான்செஸ்டரில் வந்து இறங்கிப் பார்த்தால் பஞ்சாலைகள் எல்லாம் அடுக்குமாடி வீடாகவும் காபிக் கடையாகவும் மாறிக் கிடந்தன. அந்தப் பஞ்சுக் காசில் பிறந்த ஆர்கெஸ்ட்ரா மட்டும் இன்னும் ஓடுகிறது. அதன் பெயர் ஹாலே.

சார்லஸ் ஹாலே 1819இல் ஜெர்மனியின் ஹாகன் ஊரில் பிறந்த பியானோ கலைஞர். பாரிஸில் நன்றாக வாழ்ந்துகொண்டிருந்தவருக்கு 1848 புரட்சியில் பிழைப்புப் போயிற்று. இங்கிலாந்துக்கு வந்தார். மான்செஸ்டரில் அப்போது நூலும் துணியும் விற்கிற ஜெர்மன் வியாபாரிகள் நிறையக் குடியிருந்தார்கள். அவர்களுக்குக் கேட்கக் காதும் இருந்தது, கொடுக்கக் காசும் இருந்தது. 1857இல் ஓல்ட் டிராஃபோர்டில் ஒரு பிரம்மாண்டமான கலைக் கண்காட்சி நடந்தபோது அதற்காக ஓர் ஆர்கெஸ்ட்ராவைச் சேர்த்தார். கண்காட்சி முடிந்தது. சேர்த்த ஆட்களைக் கலைத்துவிட மனசு வரவில்லை. தன் சொந்தப் பொறுப்பில் 1858 ஜனவரி 30 அன்று ஃப்ரீ டிரேட் ஹாலில் முதல் கச்சேரியை நடத்தினார். சீசன் முடிவில் கணக்குப் பார்த்தபோது கையில் நின்ற லாபம் மூன்று பென்னி நாணயங்கள் பத்து. முப்பது கச்சேரிக்கு முப்பது பென்னி. கச்சேரிக்கு ஒரு பென்னி! நம் ஊர் சபாச் செயலாளர்கள் இதைக் கேட்டால் "நஷ்டம் இல்லையே, அதுவே பெரிசு" என்பார்கள்.

பிற்பாடு வந்த பெரிய பெயர்களை எல்லாம் அடுக்கப் போவதில்லை. இரண்டு பேர் போதும். ஒருவர் ஹான்ஸ் ரிக்டர். வாக்னர், பிராம்ஸ் என்ற பெரிய ஜெர்மன் இசையமைப்பாளர்களோடு பழகிய அவர் 1899 முதல் 1911 வரை ஹாலேவை நடத்தினார். ஆங்கில இசையமைப்பாளர் எல்கரின் முதல் சிம்பொனி உலகத்திலேயே முதன்முதலாக ஒலித்தது லண்டனில் அல்ல, 1908 டிசம்பர் 3 அன்று மான்செஸ்டரில், ரிக்டரின் கையசைவில். அடுத்த ஓராண்டுக்குள் அது பல நாடுகளில் நூறு தடவைபோல வாசிக்கப்பட்டது.

இன்னொருவர் ஜான் பார்பிரோலி. நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவைச் சில ஆண்டுகள் நடத்தியவர் 1943இல், போர் உச்சத்தில் இருந்தபோது, அட்லாண்டிக்கைத் தாண்டி இந்த ஊருக்கு வந்தார். வந்து பார்த்தால் ஆர்கெஸ்ட்ராவில் பாதி ஆள் இல்லை. பல பேர் பிபிசியின் வேலைக்குப் போய்விட்டார்கள், இளைஞர்கள் ராணுவத்தில். கச்சேரிகளோ அறிவித்தாயிற்று. கிட்டத்தட்ட ஒரு மாதத்தில் நாள் முழுக்க ஆள் வைத்து வாசிக்கச் சொல்லிக் கேட்டு, பெண்கள், பள்ளிக்கூடப் பையன், யார் கிடைத்தாலும் சேர்த்து, ஜூலையில் மேடை ஏறிவிட்டார். அரங்கம்? அதுவும் இல்லை. ஃப்ரீ டிரேட் ஹாலை 1940 டிசம்பரில் ஜெர்மன் குண்டு தின்றிருந்தது. பெல் வியூ என்ற இடத்தில், மிருகக்காட்சி சாலைக்குள் சர்க்கஸும் குத்துச்சண்டையும் நடக்கும் கிங்ஸ் ஹாலில், சுமார் 6,000 பேருக்கு முன்னால் பீத்தோவன் வாசித்தார்கள். ஃப்ரீ டிரேட் ஹாலைத் திரும்பக் கட்டி 1951இல் திறந்த பிறகும் பல ஆண்டுகள் பெல் வியூ கச்சேரிகள் தொடர்ந்தன. பார்பிரோலி 1970இல் சாகும்வரை ஹாலேவை விடவில்லை. இந்த ஊர்க் கிழவர்கள் இன்னும் அவரை "எங்க ஜான்" என்கிற தோரணையில்தான் பேசுவார்கள்.

இப்போது நீங்கள் போகப்போகிற இடம் பிரிட்ஜ்வாட்டர் ஹால், 1996இல் திறந்தது. செயின்ட் பீட்டர்ஸ் ஸ்கொயர் டிராம் நிறுத்தத்தில் இறங்கி ஐந்து நிமிடம் நடந்தால் வந்துவிடும். வாசலில் இருக்கும் சதுக்கத்துக்குப் பெயரே பார்பிரோலி ஸ்கொயர். அங்கே ஒரு பெரிய வெள்ளைக் கல் கிடக்கும். ஆற்றில் உருண்டு வழுவழுப்பான கூழாங்கல்லை யானை அளவுக்கு ஊதிப் பெரிதாக்கினதுபோல இருக்கும். கான் யசூதா என்ற ஜப்பானியச் சிற்பி இத்தாலியின் கராரா சலவைக்கல்லில் செய்தது. போகிற வருகிறவர்கள் எல்லாம் ஒரு தடவை கை வைத்துத் தடவிவிட்டுப் போவார்கள். நான் கச்சேரிக்கு முன் தொடுவேன். மழையில் நனைந்திருந்தால் இன்னும் நன்றாக இருக்கும், இந்த ஊரில் அதற்குக் குறைவே இல்லை.

கட்டிடத்தில் ஒரு விசேஷம் உண்டு. பக்கத்திலேயே டிராம் ஓடுகிறது. அந்த அதிர்வு உள்ளே வந்தால் மெல்லிய இசை செத்துப்போகும். அதனால் மொத்தக் கட்டிடத்தையும் கிட்டத்தட்ட 300 ஸ்பிரிங்குகள் மேல் தூக்கி வைத்திருக்கிறார்கள். பூகம்ப நாடுகளில் கட்டிடத்துக்குப் போடுகிற மாதிரி ஸ்பிரிங். அடித்தளத்துக்கும் அரங்கத்துக்கும் இடையே கெட்டியான ஒட்டுறவே கிடையாது. முதல் தடவை போனபோது இதை என்னிடம் ஒரு முதிய அம்மா இடைவேளையில் சொன்னார், ஏதோ அவரே நட்டு முடுக்கினவர்போல அத்தனை பெருமை. பழைய ஃப்ரீ டிரேட் ஹாலின் முகப்பு மட்டும் நிற்கிறது. உள்ளே இப்போது ஹோட்டல். 1966இல் பாப் டிலன் எலெக்ட்ரிக் கிதாரை எடுத்ததற்கு ஒரு ரசிகர் "யூதாஸ்!" என்று கத்தினாரே, அது அந்த அரங்கத்தில்தான்.

ஸ்பிரிங் வரைக்கும் போய் ஏன் மெனக்கெட்டார்கள் என்றால், மைக் கிடையாது. இதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மைப் போன்றவர்களுக்கு இதுதான் முதல் அதிர்ச்சி. நாம் வயலின் கூட்டத்தைக் கேட்டதெல்லாம் ஸ்பீக்கர் வழியாக. சபாவில்கூட மிருதங்கத்துக்கு ஒரு மைக், தம்புராவுக்கு ஒரு மைக், கடைசி வரிசையில் காது கிழியும். இங்கே எண்பது பேர் கையாலும் மூச்சாலும் எழுப்புகிற சத்தம் அப்படியே காற்றில் வந்து உங்கள்மேல் படும். முதல் சில நிமிடம் "என்னப்பா இது, சத்தம் கம்மியா இருக்கே" என்றுதான் தோன்றும். எனக்கும் தோன்றியது. பிறகு காது தானாகத் திறந்துகொள்ளும். ஒரு தடவை, ஆளுயர வயலின் மாதிரி இருக்கும் டபுள் பாஸ் எட்டும் வில்லை வைத்துவிட்டு விரலால் ஒரே ஒரு ஸ்வரத்தைச் சுண்டினார்கள், மிக மெதுவாக. என் இருக்கையின் மரம் லேசாக அதிர்ந்ததை முழங்கையில் உணர்ந்தேன். ரெண்டாயிரம் பேர் இருந்த அரங்கில் ஒரு தும்மல் இல்லை. அந்த ஒரு நொடியை எந்த ஹெட்போனும் தராது.

அடுத்தது, எங்கே உட்காருவது. சரியான பதில், மேடைக்குப் பின்னால். பிரிட்ஜ்வாட்டர் ஹாலில் ஆர்கெஸ்ட்ராவுக்குப் பின்புறம், ஆர்கன் குழாய்களுக்குக் கீழே, கோரஸ் பாடகர்களுக்கான வரிசைகள் உண்டு. கோரஸ் இல்லாத நாட்களில் அவற்றைப் பொதுமக்களுக்கு விற்பார்கள், பெரும்பாலும் மலிவாக. அங்கே ஒலி சீராக இருக்காது. ஹார்ன்களின் வாய் பின்பக்கம் பார்த்திருப்பதால் அது உங்கள் முகத்தில் ஊதும், வயலின்கள் தூரத்தில் கேட்கும். விமர்சகர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். கற்றுக்கொள்கிறவனுக்கு அதைப்போல இடம் இல்லை, ஏனென்றால் கையசைத்து ஆர்கெஸ்ட்ராவை நடத்தும் கண்டக்டரின் முகம் தெரியும். (நம் ஊரில் கண்டக்டர் என்றால் விசில் ஊதி டபுள் விசில் கொடுப்பவர். இவருக்கு அந்த வசதிகூட இல்லை, வாயே திறக்கக் கூடாது.) செல்லோக்கள் பக்கம் திரும்பி இடது கையை அவர் லேசாகத் தாழ்த்துவார், அடுத்த கணம் அந்தப் பக்கம் சத்தம் அடங்கும். புருவத்தை உயர்த்துவார், கிளாரினெட் எடுக்கும். எது எங்கிருந்து வருகிறது என்பதை இப்படிக் கண்ணால் பார்த்தால் காது சீக்கிரம் கற்றுக்கொள்ளும்.

பின்வரிசையில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. டிம்பனி என்ற பெரிய முரசுகளை வாசிப்பவர் உங்களுக்கு நேர் கீழே இருப்பார். மற்றவர்கள் மும்முரமாக வாசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் குனிந்து, கன்னத்தைத் தோலோடு ஒட்டவைத்து, விரல் நுனியால் தட்டித் தட்டி அடுத்த ஸ்வரத்துக்குச் சுருதி சேர்ப்பார். சுற்றிலும் அத்தனை சத்தத்தில் அவருக்கு மட்டும் எப்படிக் கேட்கிறது என்பது எனக்கு இன்றுவரை புரியாத விஷயம். ஹார்ன்காரர்கள் ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் குழாயைக் கழற்றித் தண்ணீரை வடிப்பார்கள். செக் இசையமைப்பாளர் ட்வோர்ஷாக்கின் ஒன்பதாவது சிம்பொனியில் சிம்பல் அடிப்பவருக்கு வேலை முழுப் படைப்பிலும் ஒரே ஒரு அடி, அதுவும் கடைசிப் பகுதியில், மெதுவாக. முக்கால் மணி நேரப் படைப்பு. மனிதர் மடியில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நேரம் வரும்போது எழுந்து நின்று, இரண்டு தட்டையும் ஓர் உரசல் உரசிவிட்டு, ஓசையில்லாமல் உட்காருவார். அந்த ஓர் உரசல் தப்பினால் அன்றைய சம்பளம் எதற்கு?

மாலை எப்படி நகரும் என்று சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் 7.30க்கு ஆரம்பம், நிமிடம் பிசகாது. வாசிப்பவர்கள் ஒவ்வொருவராக வந்து தங்களுக்கு வேண்டியதை வாசித்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், ஒரே இரைச்சலாக இருக்கும். கடைசியாக முதல் வயலின்காரர் வருவார். பிரிட்டனில் அவரை லீடர் என்பார்கள். அவருக்குத் தனிக் கைதட்டல் உண்டு. ஓபோ ஒரு ஸ்வரம் பிடிக்கும், எல்லோரும் அதற்குச் சேர்த்துக்கொள்வார்கள். அதோடு சரி. நம் கச்சேரிபோலத் தம்புரா தொடர்ந்து மீட்டிக்கொண்டிருக்காது. பிறகு கண்டக்டர் வருவார். முதலில் பத்து, பதினைந்து நிமிடத்துக்கு ஏதாவது சின்னப் படைப்பு, வர்ணம் மாதிரி, கையையும் அரங்கையும் சூடாக்க. அப்புறம் கான்செர்டோ: பியானோவோ வயலினோ ஒரு தனிக் கலைஞர், எதிரில் முழு ஆர்கெஸ்ட்ரா. இடைவேளை. பிற்பாதி முழுக்க ஒரு சிம்பொனி. துக்கடா கிடையாது. மெயினோடு கடை மூடிவிடும். தனி ஆவர்த்தனத்தின்போது எழுந்து கேன்டீனுக்குப் போகிற பழக்கத்தைக் கோவையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். இங்கே வாசிப்பு நடக்கும்போது கதவைத் திறக்கவே விடமாட்டார்கள். இடைவேளையில் சின்ன டப்பாவில் ஐஸ்கிரீம் விற்பார்கள், மூடிக்குள்ளேயே கரண்டி இருக்கும். மைனஸ் இரண்டு டிகிரிக் குளிரிலும் வரிசையில் நின்று வாங்கித் தின்பார்கள். கேள்வி கேட்காதீர்கள், நீங்களும் நில்லுங்கள்.

கர்நாடக இசை கேட்ட காதுக்கு இதில் இரண்டு இடத்தில் இடறும். ஒன்று, மனோதர்மம், அதாவது மேடையிலேயே கற்பனையில் விரித்துப் பாடுவது, கிடையாது. எல்லாம் எழுதி வைத்தது. "அப்புறம் எதுக்கு அதையே பத்துத் தடவை கேட்கிறது?" என்று என் மாமா ஒருவர் இங்கே வந்திருந்தபோது கேட்டார். அதே கீர்த்தனையை நாம் பத்துப் பேர் பாடிக் கேட்பதில்லையா? எந்த இடத்தில் மூச்சு விடுகிறார், எவ்வளவு நேரம் நிறுத்துகிறார், எதை அமுக்கி எதை எழுப்புகிறார் என்பதில்தான் ஆள் தெரிவார். ஒரே கண்டக்டரோடு ஒரு சீசன் முழுக்கப் பழகினால் அவர் பாணி பிடிபடும். ஹாலேவை 2000 முதல் 2024 வரை மார்க் எல்டர் நடத்தினார். 2024 செப்டம்பரிலிருந்து சிங்கப்பூரில் பிறந்த காசுன் வோங். அதே ஆட்கள், அதே அரங்கம், ஆனால் சத்தம் மாறிவிட்டது என்று பின்வரிசைக் கூட்டம் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போடுகிறது. நான் இன்னும் எந்தக் கட்சியிலும் சேரவில்லை.

இரண்டாவது இடறல் சட்ஜமம், அதாவது 'ஸ' என்ற ஆதார ஸ்வரம். நமக்கு ஆரம்பம் முதல் கடைசி வரை சட்ஜமம் ஒரே இடத்தில் நிற்கும், எங்கே போனாலும் அங்கே திரும்பி வரலாம். சிம்பொனியில் சட்ஜமமே வீடு மாறும். சங்கராபரணம் மாதிரி ஒன்று ஆரம்பிக்கும், நீங்கள் பிடித்துக்கொண்டு தலையாட்டத் தொடங்குவீர்கள், இரண்டு நிமிடத்தில் காலடியில் தரை நகர்ந்துவிடும். ராகத்தைத் தேடினால் தலைவலிதான் மிச்சம். அதற்கு எனக்குக் கைகொடுத்தது ஒரே வழி: மேலே வயலின் என்ன செய்தாலும் சரி, டபுள் பாஸைக் கேளுங்கள். வீடு மாறுவது முதலில் கீழேதான் தெரியும். பாஸ் ஒரே ஸ்வரத்தில் அப்படியே உட்கார்ந்து அழுத்திக்கொண்டிருந்தால் ஏதோ பெரிசாக வரப்போகிறது என்று அர்த்தம். இதை ஒரு வருடம் கழித்து யாரும் சொல்லாமல் நானே கண்டுபிடித்தேன். ஸ்டாஃப் நொட்டேஷன் என்ற மேற்கத்திய இசைக்குறிப்பு எனக்கு இன்றைக்கும் படிக்கத் தெரியாது.

முதல் கச்சேரிக்கு எதைத் தேர்ந்தெடுப்பது? ட்வோர்ஷாக்கின் ஒன்பதாவது கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு டிக்கெட் வாங்குங்கள். அமெரிக்காவில் இருந்தபோது ஊர் ஏக்கத்தோடு 1893இல் எழுதியது. புது நாட்டுக்கு வந்திருக்கிற உங்களுக்கு இரண்டாவது பகுதியில் காலெடுத்துவைக்கும் காரங்லே குழலைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. ஓபோவுக்கு அக்கா மாதிரி, கொஞ்சம் நீளமாக, அடித்தொண்டைக் குரலில் இருக்கும். அடுத்து பீத்தோவனின் ஏழாவது, அதில் தாளம் நம்மைப் பிடித்து இழுக்கும். சிபேலியஸின் இரண்டாவதும் நல்லது, பார்பிரோலி காலத்திலிருந்தே ஹாலேவின் கைக்குப் பழகியது. மாலரின் மூன்றாவது, புருக்னரின் எட்டாவது இவற்றைப் போஸ்டரில் பார்த்தால் இப்போதைக்கு வணக்கம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். முதலாவது நூறு நிமிடத்தை நெருங்கும், இரண்டாவது சும்மா எண்பது. எதற்குப் போனாலும் முந்தின வாரம் யூடியூபில் மெதுவான பகுதியை மட்டும் மூன்று தடவை கேட்டுவிட்டுப் போங்கள். முழுசையும் கேட்டுத் தீர்க்க வேண்டாம்.

டிசம்பரில் ஹாண்டெலின் 'மெசையா' இருக்கும். ஆர்கெஸ்ட்ராவோடு 1858இலேயே பிறந்த ஹாலே கோரஸ் பாடும். மேடையில் இருப்பவர்களில் பெரும்பாலானோர் சம்பளம் வாங்காதவர்கள்: ஆசிரியர்கள், நர்சுகள், ஓய்வுபெற்ற கணக்கர்கள். என் தெருவில் இருக்கும் ஒரு தபால்காரர்கூட அங்கே ஆறாவது வரிசையில் நின்று பாடுகிறார். கருப்பு உடையில் பார்த்தபோது முதலில் அடையாளமே தெரியவில்லை. ஹல்லேலூயா கோரஸ் வந்ததும் அரங்கில் பலர் எழுந்து நிற்பார்கள். பழைய வழக்கம். நீங்களும் நிற்கலாம், நிற்காவிட்டால் யாரும் முறைக்க மாட்டார்கள்.

கைதட்டல். ஒரு சிம்பொனியில் பொதுவாக நான்கு பகுதிகள். நடுவில் கைதட்டாமல் கடைசியில் தட்டுவது வழக்கம். சரி, தட்டிவிட்டால் என்ன ஆகும்? என் கதையைச் சொல்கிறேன். சாய்கோவ்ஸ்கியின் ஆறாவது சிம்பொனி. மூன்றாவது பகுதி ஊர்வலம்போலப் புறப்பட்டு, சிம்பலும் டிரம்மும் எல்லாம் சேர்ந்து டாம் டாம் என்று முடிந்தது. இதைவிட முடிவு வேறென்ன வேண்டும் என்று நான் எழுந்து நின்றே தட்டிவிட்டேன். என்னோடு இன்னும் ஒரு நூறு பேர். கண்டக்டர் திரும்பக்கூட இல்லை, கையை உயர்த்தியபடியே நின்றார். பிறகு நான்காவது பகுதி ஆரம்பித்தது. மெதுவாக, அழுகையாக, படிப்படியாக இறங்கி, கடைசியில் செல்லோவும் பாஸும் மட்டும் மூச்சு விடுவதுபோல விட்டுவிட்டு ஓய்ந்தது. அதை முதன்முறை நடத்திய ஒன்பதாவது நாள் சாய்கோவ்ஸ்கி இறந்தார் என்று அப்புறம்தான் படித்தேன். முடிந்த பிறகு பத்து விநாடிக்கும் மேலாக யாரும் கை அசைக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "அந்த இடத்தில் எல்லோரும் மாட்டுவோம்." அதனால் பயம் வேண்டாம். சந்தேகம் வந்தால் கண்டக்டரின் கை கீழே இறங்கி, அவர் திரும்பி உங்களைப் பார்க்கும்வரை பொறுங்கள்.

உடை: எதுவும். ஜீன்ஸ் போட்டவர்கள் நிறையப் பேர். மேடையில் இருப்பவர்கள்தான் முறைப்படி உடுத்த வேண்டும். பட்டுப் புடவை கட்டிக்கொண்டு வந்தாலும் கொண்டாடுவார்கள், என் மனைவியை நிறுத்தி நிறுத்திக் கேட்பார்கள்.

ஹாலே மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். பிபிசி ஃபில்ஹார்மோனிக்கும் இந்த ஊர்தான். சால்ஃபர்டில் மீடியா சிட்டியில் ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருக்கிறார்கள், டிராமே வாசலுக்குப் போகும். அங்கே ரேடியோ 3க்காக வாசிக்கும்போது சில நாட்களில் இலவச டிக்கெட்டும் கொடுப்பார்கள், முன்கூட்டிப் பதிவு செய்ய வேண்டும். ஹாலே பழக்கமான படைப்புகளில் பலம் என்றால், இவர்கள் யாரும் தொடாததை எடுத்து வாசிப்பார்கள், சம்பளம் பிபிசியிலிருந்து வருவதால் துணிச்சல் அதிகம். மான்செஸ்டர் கேமராட்டா 1972இல் தொடங்கிய சின்ன ஆர்கெஸ்ட்ரா, மொசார்ட்டுக்கும் ஹைடனுக்கும் அளவான கூட்டம். விக்டோரியா ஸ்டேஷன் பக்கத்தில் செத்தம்ஸ் இசைப் பள்ளியின் ஸ்டோலர் ஹால், ஐந்நூறுக்கும் குறைவான இருக்கைகள். நீங்கள் படிக்கப்போகும் பல்கலைக்கழகம் இருக்கும் ஆக்ஸ்ஃபோர்டு ரோட்டிலேயே ராயல் நார்தர்ன் இசைக் கல்லூரி இருக்கிறது. அதன் மூலக் கல்லூரியை 1893இல் தொடங்கியவரும் நம் ஹாலே தான். அங்கே மாணவர்களின் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா வாசிப்பதைத் தவறவிடாதீர்கள். டிக்கெட் சொற்பம். ஒன்றிரண்டு இடத்தில் ஹார்ன் வழுக்கும். ஆனால் வாழ்க்கையில் முதன்முறையாக அந்தப் படைப்பை வாசிக்கிற இருபது வயதுப் பிள்ளைகளின் வேகம், இருநூறாவது முறை வாசிக்கிறவர்களிடம் வராது.

சீசன் செப்டம்பர் கடைசியில் தொடங்கி மே, ஜூன் வரை போகும். கோடையில் இங்கே எல்லாம் அடைத்திருக்கும்போது வேண்டுமானால் லண்டனுக்குப் போங்கள். ராயல் ஆல்பர்ட் ஹாலில் 'ப்ராம்ஸ்' (Proms) என்ற எட்டு வார விழா நடக்கும், இசையமைப்பாளர் பிராம்ஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நின்று கேட்கும் டிக்கெட் அன்றன்றைக்குக் கிடைக்கும். அங்கே பிபிசி ஃபில்ஹார்மோனிக் மேடை ஏறும்போது "நம்ம ஊர் ஆட்கள்" என்று நீங்கள் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லாமல் இருக்கிறீர்களா பார்ப்போம்.

டிக்கெட் விஷயம்: வந்து சேர்ந்ததும் அரங்கத்தின் தளத்திலும் ஹாலேவின் தளத்திலும் மாணவர் சலுகை என்ன என்று பாருங்கள், விலை வருடா வருடம் மாறும். 7 மணிக்குள் உள்ளே போய்விடுங்கள், நனைந்த கோட்டைக் கழற்றி வைக்க நேரம் வேண்டும். இந்த ஊர்க் குளிரில் முதல் மாதமே இருமல் பிடிக்கும். ஃபிஷர்மேன்ஸ் ஃப்ரெண்ட் என்ற இருமல் மிட்டாய் எல்லாக் கடையிலும் கிடைக்கும், இதே லங்காஷயர்க் கரையில் ஃப்ளீட்வுட்டில் செய்வது. காரம் நம் சுக்கு மிட்டாயைத் தோற்கடிக்கும். ஆரம்பிப்பதற்கு முன்பே பொட்டலத்தைக் கிழித்து நாலைந்தைச் சட்டைப் பையில் தனியாகப் போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் காகிதம் சரசரக்கும் சத்தம் மேடைவரை கேட்கும்.